மார்பக சுயபரிசோதனை: செய்யும் முறையும் அதன் பிறகு செய்ய வேண்டியதும்

இந்தியப் பெண்களிடையே இன்று மிக அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பெண்கள் இந்நோயால் இறந்தனர். தொடக்க நிலையில் சிகிச்சை பெற்றால் பெரும்பாலானோர் குணமடையக்கூடிய ஒரு நோயில் இறப்பின் எண்ணிக்கை இவ்வளவு உயர்ந்திருப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, நம் பெண்களில் பலர் கட்டி பெரிதாகி, அக்குளுக்கும் பரவிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்பதாகும்.

அவர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றை நோய் என்று நம்ப மனம் ஒப்புவதில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்த காலத்தில் கட்டிக்கொண்ட பால் கரையாமல் நின்றிருக்கும் என்றோ, உடல் சூட்டினால் வந்த கட்டி என்றோ தமக்குத் தாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, மகளின் திருமணம் முடியட்டும், மகனின் பொதுத்தேர்வு முடியட்டும் என்று நாட்களைத் தள்ளிப்போடும் பெண்கள் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். படித்த பெண்களும், மருத்துவமனைக்கு அருகிலேயே வசிக்கும் பெண்களும் இதற்கு விதிவிலக்கல்லர். ஆகவே இந்த வழிகாட்டி மார்பகத்தைப் பார்த்தும் தொட்டும் அறியும் முறையை மட்டும் சொல்லி நின்றுவிடாமல், மாறுதல் ஒன்று தென்பட்டால் அடுத்த சில வாரங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே அளவு விரிவாகச் சொல்கிறது.

இதனால் ஆவதும் ஆகாததும்

முறையைக் கற்பதற்கு முன்னர் அதன் எல்லையை அறிந்துகொள்வது நல்லது. சீனாவின் ஷாங்காய் நகரத்தில், ஜவுளி ஆலைகளில் பணிபுரிந்த சுமார் 2,66,000 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் இறுதி முடிவு 2002ஆம் ஆண்டு வெளியானது. சுயபரிசோதனை முறையாகக் கற்பிக்கப்பட்ட பெண்களிடையேயும், கற்பிக்கப்படாத பெண்களிடையேயும், மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன. கற்பிக்கப்பட்டவர்களிடம் தீங்கற்ற கட்டிகள் அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டு, அவற்றுக்காகத் தேவையற்ற திசுப் பரிசோதனைகள் கூடின. இந்த முடிவுக்குப் பிறகு பல நாடுகளின் மருத்துவ அமைப்புகள், மாதந்தோறும் கட்டாயமாகச் செய்தே ஆக வேண்டிய சடங்காக இதைப் பரிந்துரைப்பதைக் கைவிட்டு, ஒவ்வொரு பெண்ணும் தன் மார்பகத்தின் இயல்பை அறிந்திருக்க வேண்டும், மாறுதல் தெரிந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும் என்று சொல்லத் தொடங்கின.

இதற்கு நேர் எதிரான திசையில் நம்பிக்கை தரும் ஓர் ஆய்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, 35 வயது முதல் 64 வயது வரையுள்ள சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகளாக, கையால் மார்பகப் பரிசோதனை செய்ததோடு விழிப்புணர்வுக் கல்வியும் அளித்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி அந்தப் பகுதியினரிடம் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், பழகிய விரல்களும் முறையான தொடர்கவனிப்பும் சேர்ந்து பெற்ற பலன் இது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நான் எடுத்துக்கொள்ளும் முடிவு இதுதான்: சுயபரிசோதனையின் நோக்கம் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதன்று, தன் உடலின் வழக்கமான நிலையை அறிந்து, அதிலிருந்து விலகும் ஒன்றை உணர்ந்தவுடன், அதை அறியும் திறன் உள்ளவரிடம் காட்டுவதுதான். அது மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற செவிலியர் செய்யும் பரிசோதனைக்கும், உரிய வயதில் எடுக்க வேண்டிய மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படத்துக்கும் மாற்றாகாது.

எந்த வயதில், எந்த நாளில்

இருபது வயதில் இதைப் பழகத் தொடங்கலாம். இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் அரிது என்றாலும், தன் மார்பகம் எப்படி இருக்கும் என்ற அறிவு அப்போதே தொடங்கினால்தான் நாற்பதாம் வயதில் அதை வைத்து ஒப்பிட முடியும்.

மாதவிலக்குத் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் இயக்குநீர்களின் (ஹார்மோன்களின்) தாக்கத்தால் மார்பகம் கனத்து, தடித்து, தொட்டால் வலியெடுக்கும். அந்த நாட்களில் தொட்டுப் பார்த்தால் இல்லாத கட்டியெல்லாம் இருப்பதாகத் தோன்றும். எனவே மாதவிலக்குத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடைப்பட்ட ஒரு நாள்தான் ஏற்றது. மாதவிலக்கு நின்றவர்கள், கருப்பை அகற்றப்பட்டவர்கள், கருவுற்றவர்கள், சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிலக்கு ஒழுங்கற்று வருபவர்கள் ஆகியோர் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியை வைத்துக்கொள்ளலாம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் குழந்தை குடித்து முடித்து மார்பகம் தளர்ந்திருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். ஒரு மாதம் தவறிவிட்டால் அதற்காக அஞ்சவோ குற்றவுணர்வு கொள்ளவோ தேவையில்லை. அடுத்த மாதம் தொடரலாம்.

கண்ணால் பார்ப்பது

பலர் இந்தப் பகுதியைத் தாண்டி நேராகத் தொட்டுப் பார்ப்பதற்குப் போய்விடுகிறார்கள். அது சரியன்று. கைக்கு அகப்படாத ஒன்று சில வேளைகளில் தோலில் முதலில் தெரியும். மார்பகத்தின் உள்ளே, தோலையும் உட்பகுதியையும் இணைக்கும் மெல்லிய நார்கள் இருக்கின்றன. உள்ளே வளரும் புற்றுக்கட்டி அந்த நார்களைப் பிடித்து இழுக்கும்போது மேலே தோல் குழிகிறது, காம்பு ஒரு பக்கமாகத் திரும்புகிறது அல்லது உள்ளே இழுபடுகிறது.

இடுப்பு வரை உடையை நீக்கி, நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன் நேராக நிற்க வேண்டும். முதலில் கைகளைப் பக்கவாட்டில் தளர்வாகத் தொங்கவிட்டு, மார்பகங்களின் அளவையும் வடிவத்தையும் தோலின் நிறத்தையும் காம்புகளின் திசையையும் பார்க்க வேண்டும். ஒரு மார்பகம் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது பெரும்பாலான பெண்களுக்கு இயல்பு; எப்போதும் இருந்த வேறுபாடு கவலைக்குரியதன்று, அண்மையில் தோன்றிய வேறுபாடுதான் கவனிக்கத்தக்கது. பிறகு இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, உள்நோக்கி அழுத்தி, மார்புத் தசைகளை இறுக்க வேண்டும். மறைந்திருக்கும் குழி ஒன்று இருந்தால், தசை இறுகும் இந்த நொடியில்தான் அது வெளிப்படும். அடுத்து, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, இரு மார்பகங்களும் ஒன்றுபோல் மேலெழுகின்றனவா, அவற்றின் அடிப்பகுதித் தோலில் சிவப்போ சுருக்கமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுதியாக, சற்று முன்னால் குனிந்து, இரண்டும் தடையின்றித் தொங்குகின்றனவா என்று கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் இடமும் வலமுமாகச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் நேர்ப்பார்வையில் வெளிப்புறப் பகுதி மறைந்துவிடும்.

கூட்டுக் குடும்பங்களில், ஒற்றை அறை வீடுகளில், இப்படி நிற்பதற்கான தனிமையும் அவ்வளவு பெரிய கண்ணாடியும் கிடைப்பது எளிதன்று என்பதை அறிவேன். குளியலறையில் மாட்டிய சிறு கண்ணாடியே போதும்; ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் இயலாதவர்கள், தொட்டு அறியும் பகுதியையாவது விடாமல் செய்ய வேண்டும்.

விரல்களால் உணர்வது

நின்ற நிலையில் மார்பகம் கீழே தொங்கித் திரள்வதால் உட்பகுதியை உணர்வது கடினம். எனவே மல்லாந்து படுத்துக்கொள்வது நல்லது. வலப்பக்கம் பார்ப்பதற்கு, வலத் தோளின் அடியில் ஒரு சிறு தலையணையையோ மடித்த புடவையையோ வைத்துக்கொண்டு, வலக்கையைத் தலைக்குப் பின்னால் மடக்கி வைத்தால், மார்பகம் நெஞ்சின் மீது மெல்லியதாகப் பரவும். இப்போது இடக்கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் சேர்த்து நீட்டி, விரல் நுனிகளால் அல்லாமல், கடைசிக் கணுவின் சதைப்பற்றுள்ள உட்பகுதியால் தொட வேண்டும். நுனிகள் குத்தும், சதைப்பகுதிதான் உணரும். மார்பகத்தைக் கைநிறையப் பிடித்தோ, இரு விரல்களுக்கிடையே கிள்ளியோ பார்க்கக் கூடாது. அப்படிப் பிடித்தால் நல்ல திசுவும் கட்டியாகத்தான் தோன்றும். வீண் பயத்தோடு மருத்துவமனைக்கு ஓடி வருபவர்கள் பலர் செய்த தவறு இதுவே.

எங்கிருந்து எதுவரை என்பது முக்கியம், ஏனெனில் மார்பகம் கண்ணுக்குத் தெரியும் மேட்டோடு முடிந்துவிடுவதில்லை. மேலே காறையெலும்பு (கழுத்தின் அடியிலிருந்து தோள் வரை செல்லும் எலும்பு), கீழே உள்ளாடையின் அடிப்பட்டி படியும் கோடு, நடுவில் நெஞ்செலும்பு, வெளியே அக்குளின் நடுவிலிருந்து நேராகக் கீழிறங்கும் கோடு ஆகிய நான்கு எல்லைகளுக்கு உட்பட்ட முழுப் பரப்பையும் தொட்டாக வேண்டும். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதி, காம்பிலிருந்து அக்குளை நோக்கிச் செல்லும் மேல் வெளிப்புறப் பகுதியில்தான் தோன்றுகின்றன. திசு அங்கேதான் மிகுதி. அவசரமாகப் பார்ப்பவர்கள் விட்டுவிடுவதும் அந்தப் பகுதியைத்தான்.

அக்குளின் கீழ்க்கோட்டில் தொடங்கி, ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குச் சிறு வட்டங்களாக விரல்களைச் சுழற்றியபடியே மெல்ல மெல்லக் கீழே நகர வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று வட்டங்கள் போட வேண்டும்: முதல் வட்டத்தில் தோலுக்கு உடனடியாகக் கீழிருப்பதை உணரும் அளவுக்கு மென்மையாகவும், இரண்டாவதில் நடுத்தரமாகவும், மூன்றாவதில் விலா எலும்பு தட்டுப்படும் அளவுக்கு அழுத்தமாகவும் தொட வேண்டும். உள்ளாடைக் கோட்டை அடைந்ததும், விரல்களை எடுக்காமல், ஒரு விரல் அகலம் உள்பக்கமாக நகர்ந்து மேல்நோக்கித் திரும்ப வேண்டும். காறையெலும்பை அடைந்ததும் மீண்டும் ஒரு விரல் அகலம் நகர்ந்து கீழிறங்க வேண்டும். வயலில் ஏர் ஓட்டுபவர் படைச்சாலை அடுத்துப் படைச்சாலாக இடைவெளியின்றி உழுதுகொண்டு போவதைப்போல, நெஞ்செலும்பு வரை இப்படியே மேலும் கீழுமாகப் போய் முடித்தால் எந்த இடமும் விடுபடாது. காம்பைச் சுற்றி வட்டமாகவும், காம்பிலிருந்து வெளிப்புறமாகவும் பார்க்கும் முறைகளும் உண்டு என்றாலும், இந்த மேல்கீழ் முறையில்தான் விடுபடல் குறைவு. ஒருவர் எந்த முறையைக் கற்றாலும் ஒவ்வொரு மாதமும் அதையே பின்பற்ற வேண்டும்.

மார்பகம் பெரிதாக உள்ளவர்கள் வெளிப்புறப் பாதியைப் பார்க்கும்போது எதிர்ப்பக்கமாகச் சற்று ஒருக்களித்துப் படுத்தால் அந்தப் பகுதி மெலிந்து பரவும். வியர்வையால் தோல் இழுத்தால் சிறிது தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளலாம். குளிக்கும்போது சோப்பு நுரையோடு பார்ப்பதும் வழுக்கலுக்கு உதவும். ஆனால் நின்றபடி பார்ப்பதை, படுத்துப் பார்ப்பதற்குப் பதிலாக அல்லாமல் அதனோடு கூடுதலாக வைத்துக்கொள்வதே நல்லது.

காம்பையும் அதைச் சூழ்ந்த கரிய வட்டத்தையும் மற்ற இடங்களைப் போலவே மெல்ல அழுத்திப் பார்த்தால் போதும். காம்பைப் பிழிந்து நீர் வருகிறதா என்று சோதிக்க வேண்டியதில்லை. பிழிந்தால் பல பெண்களுக்குச் சில துளிகள் வரத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது, தானாகவே கசிந்து உள்ளாடையில் கறை படியச் செய்யும் நீர்தான். அதுவும் ஒரு மார்பகத்திலிருந்து மட்டும், இரத்தம் கலந்தோ தெளிந்த நீராகவோ வருவது.

அக்குளைப் பார்க்கும்போது கையை உயர்த்தி வைத்திருந்தால் அங்குள்ள தசை இறுகிவிடும். எனவே எழுந்து உட்கார்ந்து, கையைத் தளர்வாகக் கீழே விட்டு, எதிர்க்கையின் விரல்களை அக்குளின் ஆழத்துக்குச் செலுத்தி, நெஞ்சுக் கூட்டின் மீது அழுத்தியபடி கீழிறக்க வேண்டும். நெறி கட்டியிருந்தால் விரலுக்கடியில் உருளும். கையில் புண்ணோ, அக்குள் முடியை மழித்ததால் ஏற்பட்ட தொற்றோ இருந்தால் வலியுடன் நெறி கட்டுவது வழக்கம். காரணமின்றி, வலியின்றி, கெட்டியாக நிற்கும் நெறிதான் காட்ட வேண்டியது. காறையெலும்புக்கு மேலுள்ள குழியையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவையும் ஒரு பக்கம் முடித்த பிறகு, தலையணையை மாற்றி வைத்து மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முதல் சில மாதங்களுக்கு எல்லாமே கரடுமுரடாகத்தான் தோன்றும். அது விரல்கள் இன்னும் பழகவில்லை என்பதையே காட்டுகிறது. தொடுகை என்பது பயிற்சியால் கூர்மையாகும் புலன். ஜெர்மனியில் ஃபிராங்க் ஹாஃப்மன் என்ற மகப்பேறு மருத்துவர், பார்வையற்ற பெண்களுக்கு மார்பகப் பரிசோதனைப் பயிற்சி அளித்து, அதை அவர்களின் தொழிலாகவே ஆக்கியிருக்கிறார் என்பது இந்த இடத்தில் நினைக்கத்தக்கது.

விரலுக்குத் தட்டுப்படுவது என்ன

மார்பகத்தின் இயல்பான திசுவே சீரானதன்று. மேல் வெளிப்புறப் பகுதி சிறுசிறு மணிகளாகத் தட்டுப்படும். அடிப்பகுதியில், மார்பகம் நெஞ்சோடு சேரும் மடிப்பில், ஒரு தடித்த வரம்பு இருக்கும். ஆழமாக அழுத்தினால் விலா எலும்புகள் வரிசையாகத் தெரியும். சந்தேகம் தோன்றினால் மறு மார்பகத்தின் அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தால் பெரும்பாலும் அது உங்கள் உடலின் அமைப்புதான்.

கட்டிகளிலும் பெரும்பான்மை புற்றுநோய் அல்ல. இருபதுகளில் உள்ள பெண்களிடம் காணப்படும், விரலுக்கு வழுவழுப்பாக நழுவி ஓடும் நார்த்திசுக் கட்டிகளும், நாற்பதை ஒட்டிய வயதில் தோன்றும் நீர்க்கட்டிகளும் தீங்கற்றவை. புற்றுக்கட்டி பெரும்பாலும் கெட்டியாக, விளிம்பு ஒழுங்கற்று, அசையாமல் இருக்கும் என்பது உண்மைதான். ஆயினும் இந்த அடையாளங்களை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதக் கூடாது, ஏனெனில் நழுவும் கட்டியாகத் தோன்றும் புற்றுநோய்களும் உண்டு.

தோலில் தெரியும் மாறுதல்களில், ஓரிடத்தில் குழி விழுதல், தோல் தடித்து அதன் துளைகள் பெரிதாகி ஆரஞ்சுத் தோலைப் போலாதல், புதிதாகக் காம்பு உள்ளிழுத்தல், காம்பின் மீது செதில் செதிலாக உரிந்து ஆறாமல் நிற்கும் புண் ஆகியவை முக்கியமானவை. காம்பில் வரும் அந்தப் புண்ணைப் படை என்றும் அரிப்பு என்றும் எண்ணி மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. தோல் மருந்துக்கு இரண்டு வாரங்களில் ஆறாவிட்டால் மார்பக மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதேபோல், கட்டி எதுவும் இல்லாமலேயே மார்பகம் முழுவதும் திடீரெனச் சிவந்து, வீங்கி, சூடாகும் அரிய வகைப் புற்றுநோய் ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்குப் பால் கட்டிச் சீழ் பிடித்ததைப் போலவே இருக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒரு சுற்று முடிந்த பிறகும் சிவப்பு அடங்காவிட்டால், குறிப்பாகப் பால் கொடுக்காத பெண்ணாக இருந்தால், ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் கேட்டுப் பெற வேண்டும்.

வலி மட்டும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மாதவிலக்கோடு வந்து போகும் வலி பெரும்பாலும் இயக்குநீர் சார்ந்தது. ஆனால் வலிக்கிறது என்பதாலேயே ஒரு கட்டி தீங்கற்றது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

மாறுதல் தென்பட்ட பிறகு

மாதவிலக்கு வரும் வயதிலுள்ள பெண், திசு சற்றுத் தடித்திருப்பதாக மட்டும் உணர்ந்தால், அடுத்த மாதவிலக்கு முடியும் வரை ஒரு சுற்று காத்திருந்து மீண்டும் பார்க்கலாம். மறையாவிட்டால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. தெளிவான கட்டி, தோல் மாறுதல், இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அல்லது மாதவிலக்கு நின்ற பிறகு புதிதாக எது தோன்றினாலும், அந்த ஒரு சுற்றுக்கும் இடமில்லை. அந்த வாரத்திலேயே காட்ட வேண்டும். இடைப்பட்ட நாட்களில் கட்டியை உருவிவிடுவது, சூடான எண்ணெய் தேய்ப்பது, பற்றுப் போடுவது ஆகிய எதையும் செய்ய வேண்டாம். மூலிகைப் பற்றினால் தோல் வெந்து புண்ணாகிவிட்டால், உண்மையான நோயின் நிலையை மருத்துவர் கணிப்பதே கடினமாகிவிடும்.

தமிழ்நாட்டில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனையோடு மார்பகப் பரிசோதனையும் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவரோ செவிலியரோ பார்க்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் இந்நோய்க்கென்றே உள்ளவை. இலங்கையில் உள்ளவர்கள் தம் பிரதேச சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.

மருத்துவமனையில் நடப்பவை மூன்று படிகள். மருத்துவர் கையால் பரிசோதிப்பார். அடுத்து படம் எடுக்கப்படும். தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுக்கப்படும். நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களின் மார்பகத் திசு அடர்ந்திருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்துபோக வாய்ப்புண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் முதலில் எடுக்கப்படும். மேமோகிராமில் மார்பகம் இரு தட்டுகளுக்கிடையே சில நொடிகள் அழுத்தப்படும்போது சற்று வலிக்கும். அன்று அக்குளில் பவுடரோ வாசனைத் தெளிப்போ பூசிச் செல்லக் கூடாது, அதன் துகள்கள் படத்தில் புள்ளிகளாகத் தெரிந்து குழப்பும். அறிக்கையில் பைராட்ஸ் என்ற பெயரோடு ஓர் எண் இருக்கும். ஒன்றும் இரண்டும் புற்றுநோய் ஐயமில்லை என்பதைக் குறிக்கும். மூன்று, பெரும்பாலும் தீங்கற்றது, ஆறு மாதங்களில் மீண்டும் பார்க்க வேண்டும் என்பதைக் குறிக்கும். நான்கும் ஐந்தும் திசுப் பரிசோதனை வேண்டும் என்பதைக் குறிக்கும். பூஜ்யம் என்றால் இன்னும் படங்கள் தேவை என்று பொருள். கைக்குத் தெளிவாகத் தட்டுப்படும் கட்டி இருக்கும்போது மேமோகிராம் இயல்பாக வந்தாலும் அதோடு நிறுத்திவிடக் கூடாது. சில புற்றுநோய்கள் அதில் தெரிவதில்லை.

ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அதற்கு மருத்துவ ஆதாரமில்லை. அந்த அச்சத்தால் வீட்டுக்குத் திரும்பிப்போய், ஆறு மாதங்கள் கழித்து முற்றிய நிலையில் வருவதுதான் உண்மையான ஆபத்து. இதற்கு மறுபுறமும் ஒரு தவறு நேர்கிறது. எந்தச் சோதனையும் செய்யாமல், சிறிய கட்டிதானே, எடுத்துவிடலாம் என்று உள்ளூரிலேயே அறுத்து எடுத்து, அதைத் திசுப் பரிசோதனைக்கும் அனுப்பாமல் விட்டுவிடும் நிகழ்வுகள் உண்டு. அது புற்றுநோயாக இருந்திருந்தால், பிறகு செய்ய வேண்டிய முறையான அறுவை சிகிச்சை சிக்கலாகிவிடும். மார்பகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பும் குறையலாம். ஆகவே, அறுவைக்கு முன் ஊசிவழித் திசுப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். எடுத்த திசு எதுவானாலும் சோதனைக்கு அனுப்பப்பட்டதா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நோய் என்று உறுதியானாலும் மார்பகம் முழுவதையும் அகற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கட்டி சிறிதாக இருக்கும்போது கண்டறிந்தால், கட்டியையும் அதைச் சுற்றியுள்ள சிறு பகுதியையும் மட்டும் அகற்றி, கதிர்வீச்சு அளித்து, மார்பகத்தைத் தக்கவைக்கும் சிகிச்சை பலருக்கு இயலும். மார்பகத்தை இழக்கப் பயந்து மறைப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிவிப்பது, அவர்களைச் சீக்கிரம் அழைத்துவர மற்ற எந்த அறிவுரையையும்விட உதவும்.

தாய்க்கோ, உடன்பிறந்த சகோதரிக்கோ, மகளுக்கோ இளம் வயதில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், மாதாந்திரப் பரிசோதனையோடு நின்றுவிடாமல், எந்த வயதில் மேமோகிராம் தொடங்க வேண்டும், மரபணுச் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். தந்தைவழி அத்தையும் பாட்டியும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். பலரும் தாய்வழியை மட்டுமே சொல்கிறார்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பது பாதுகாப்பும் ஆகாது. மரபுவழி வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். ஒரு மார்பகம் அகற்றப்பட்டவர்கள், மறு மார்பகத்தோடு தழும்பையும் அதைச் சுற்றியுள்ள நெஞ்சுத் தோலையும் தொடர்ந்து தொட்டுப் பார்க்க வேண்டும். அரிதாக ஆண்களுக்கும் இந்நோய் வரும். காம்புக்கு அடியில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் அவர்களும் காட்ட வேண்டும்.

அறுபதைக் கடந்த பெண்களிடம் இதைப் பேசுவதுதான் கடினம். இனி எனக்கென்ன என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் வயது கூடக்கூட இந்நோயின் வாய்ப்பும் கூடுகிறது, அந்த வயதில் தோன்றும் புதிய கட்டி புற்றுநோயாக இருக்கும் சாத்தியமும் இளம் பெண்களைவிட அதிகம். விரல்களில் மரத்துப்போதலோ மூட்டுவலியோ உள்ளவர்களால் இந்த முறையைச் சரியாகச் செய்யவும் இயலாது. அவர்களை ஆண்டுக்கொருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று செவிலியரைப் பார்க்கச் சொல்வது மகள், மருமகள், பேத்தி ஆகியோரின் பொறுப்பு. போகும்போது ஆதார் அட்டை, குடும்ப அட்டை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை, அவர்கள் உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டு, முன்பு எடுத்த ஸ்கேன் படங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அடுத்த பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டால், அறிக்கையோடு படங்களையும், திசு எடுத்திருந்தால் ஆய்வகத்தில் அந்தத் திசு பதித்து வைக்கப்பட்டுள்ள கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு) மெழுகுக் கட்டிகளையும் (பிளாக்) கேட்டு வாங்கிக்கொண்டால், அங்கே மறுபடியும் ஊசி குத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.